அனுதாபத்தைத் திருப்பி எடுத்த நாள்

ஊடகச் செயலாளர் எண்டால் என்ன வேலை எண்டு ஆரும் கேட்டால் எனக்கு முதல் கோவந்தான் வரும். ஏனெண்டால் கேக்கிறவையின்ரை முகத்திலையே பதில் இருக்கும்: எம்.பி சொல்லுற பொய்யை வடிவாக்கிற வேலை. எங்கடை சண்டிலிப்பாயிலை புகையிலைக்கு வாய்க்காலாலை தண்ணி மாறிக்கொண்டு நிண்ட சித்தப்பா ஒருத்தர் நேராவே கேட்டவர். "அப்ப மோளே, நீ எழுதினாப் பிறகு அவர் வாயைத் திறக்கிறாரோ, அவர் வாயைத் திறந்தாப் பிறகு நீ எழுதுறியோ?" எண்டு. இரண்டும் நடக்கிறது சித்தப்பா, ஆனால் திட்டு வாங்கிறது நான் மட்டுந்தான் எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்.

எனக்கு மூக்கு நுனியிலை கோவம். அதை நான் மறைக்கிறேல்லை. அந்தக் கோவத்தாலைதான் இந்த வேலையே எனக்குக் கிடைச்சது.

அப்ப நான் யாழ்ப்பாணத்திலை ஒரு பத்திரிகையிலை செய்தி எழுதிக்கொண்டிருந்தன். ஐயா அந்த நேரந்தான் முதல் முறையா எம்.பி ஆகியிருந்தவர். உடுப்பிட்டிக்காரர். முந்தி விவசாயப் போதனாசிரியராய்த் தோட்டம் தோட்டமாச் சைக்கிள் உழக்கினவர். ஒரு கூட்டத்திலை வெங்காயச் செய்கையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார், தொடங்கினார், முடிக்கிறாரே இல்லை. சனம் கதிரையிலை சரிஞ்சு நித்திரை. எனக்குப் பசி. பசியிலை வந்த கோவத்திலை, 'வெங்காயத்தைப் பற்றிய உரையும் வெங்காயத்தைப் போலவே இருந்தது, உரிக்க உரிக்க ஒண்டும் இல்லை' எண்டு எழுதிப்போட்டன். ஆசிரியர் அதை வெட்டாமல் விட்டிட்டார். அடுத்த நாள் விடிய ஃபோன். "பிள்ளை, நான் அந்த வெங்காயம் கதைக்கிறன்."

அவர் சிரிக்கிறார். "திட்டுறதுக்கே இவ்வளவு வடிவாத் தமிழ் எழுதிறனீர். எனக்கு எழுதித் தந்தால் சனம் நித்திரை கொள்ளாது எல்லே?" எண்டார். நான் மாட்டன் எண்டன். பத்திரிகைக்காரி அரசியல்வாதியிட்டைப் போனால் ஊர் என்ன சொல்லும்? ஊர்வாயை மூட உலைமூடி இல்லை எண்டு அவரே சொன்னார். அந்த மாசமே போய்ச் சேர்ந்திட்டன்.

அதுக்குப் பிறகு என்ரை விடியல் எல்லாம் அவரின்ரை குரலோடைதான். கிணத்தடியிலை பல்லு மினுக்கிக்கொண்டே கோல் எடுப்பார். "பேப்பரிலை என்ன போட்டிருக்கு? எவன் திட்டியிருக்கிறான்?" நான் குசினியிலை ஒரு கையாலை பாணுக்குச் சம்பல் இடிச்சுக்கொண்டு மற்றக் கையிலை ஃபோனை வைச்சு வாசிப்பன். கண்டன அறிக்கை, கோரிக்கை அறிக்கை, செத்தவைக்கு விடுற அனுதாபம், பொங்கல் வாழ்த்து, நத்தார் வாழ்த்து, பாராளுமன்றத்திலை கதைக்கிற கதை, பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவிலை கதைக்கிற கதை, எல்லாம் நான்தான். எழுதி முடிஞ்சால் அவருக்கு வாசிச்சுக் காட்ட வேணும். கண்ணை மூடிக்கொண்டு கேப்பார். "உடுப்பிட்டிச் சந்தியிலை நிண்டு வாசிச்சால் விளங்குமோ பிள்ளை? 'வன்மையாகக் கண்டிக்கிறேன்' எண்டு எத்தினை தரம் கண்டிச்சிட்டம். அவங்களுக்கே பழகிப் போச்சு. வேறை ஏதும் இல்லையோ?" எண்டு கேப்பார். வேறை சொல்லு இருக்கு ஐயா, அதை எழுதினால் உங்களைப் பிடிச்சு உள்ளுக்கை போடுவாங்கள் எண்டு நான் சொல்ல, வயிறு குலுங்கச் சிரிப்பார்.

சண்டையும் பிடிச்சிருக்கிறம். கொஞ்ச நஞ்சமில்லை. நான் எழுதினதை விட்டிட்டு மேடையிலை தன்ரை பாட்டுக்கு ஏதும் சொல்லிப்போடுவார், அடுத்த நாள் நான் அதுக்கு விளக்கம் குடுத்துக் குடுத்துச் சாக வேணும். "உங்களோடை இனி மனிசர் வேலை செய்யேலாது" எண்டு கத்திப்போட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வெளிக்கிடுவன். முத்தவெளி தாண்ட முன்னம் ஃபோன் அடிக்கும். "பிள்ளை, என்ரை மனிசி புட்டும் மீன் குழம்பும் குடுத்துவிட்டவ. சாப்பிட்டிட்டு வேலையை விடுமன்." திரும்பி வந்து சாப்பிடுவன். சாப்பிட்ட பிறகு என்னண்டு வேலையை விடுறது?

என்ரை அம்மா மோசம் போனபோது அவர் விடியவே வந்திட்டார். படம் எடுக்கிற பொடியனைக் கூட்டி வரேல்லை. வந்தவர் கிணத்தடியிலை ஆம்பிளையளோடை இருந்து பின்னேரம் வரைக்கும் எழும்பேல்லை. வெளிக்கிடேக்கை என்ரை தலையிலை கையை வைச்சு, "உமக்கு நான் அனுதாபம் விடேலாது பிள்ளை. எழுதுறதே நீர்தானே" எண்டார். அம்மா செத்து அதுவரைக்கும் நான் அழேல்லை. அப்பதான் குழறினன். அப்பிடியொரு மனிசன். அதனாலைதான் பிறகு நடந்ததிலை எனக்கு அவ்வளவு கோவம் வந்தது.

எங்கடை பக்கத்திலை அரசியல் செய்யிறவைக்கு ஒண்டு தெரியும். கலியாண வீட்டுக்கு வராட்டி சனம் மன்னிக்கும், செத்தவீட்டுக்கு வராட்டி சாகும் வரைக்கும் மன்னிக்காது. வரேலாமல் கொழும்பிலை நிண்டால் அனுதாபமாவது வர வேணும். அதுவும் கெதியா வர வேணும். எந்த எம்.பியின்ரை அனுதாபம் முதல் வந்தது எண்டு சனம் பாத்துக்கொண்டு இருக்கும். பிந்தி வந்தால், 'ஓ, உவருக்கு இப்பதான் தெரியுமாக்கும்' எண்டு ஒரு குத்தல் கதை. பயமே இல்லாத எங்கடை ஐயாவுக்கும் இந்த ஒண்டிலை மட்டும் பயம். ஆரோ ஒருத்தர் ஆஸ்பத்திரியிலை எண்டாலே என்னைப் பாப்பார்.

நான் ஒரு சட்டம் வைச்சிருந்தனான். அந்த வீட்டு ஆக்கள் தங்கடை வாயாலை சொல்லாமல் எங்கடை எம்.பி கந்தோராலை அனுதாபம் போகாது. நானே அந்த வீட்டுக்குக் கோல் எடுப்பன். அழுகைச் சத்தம் கேட்டாலும் காணாது, ஆரும் ஒருத்தர் சொல்ல வேணும். இதாலை நாங்கள் எப்பவும் இரண்டாவது, மூண்டாவது. மற்றக் கட்சிப் பொடியள் என்னைக் கண்டால், "என்ன அக்கா, மரண விசாரணை முடிஞ்சுதோ? அறிக்கை விடலாமோ?" எண்டு நக்கல் அடிப்பாங்கள். அடிச்சிட்டுப் போகட்டும். பதறாத காரியம் சிதறாது.

அது வாடைக்காத்து நேரம். குருநகரிலை இருந்து கடல் தொழிலுக்குப் போன ஒருத்தர் திரும்பி வரேல்லை. வழமையா இரண்டு பேராப் போறவை. கூடப் போறவருக்குக் காய்ச்சல் எண்டு அண்டைக்குத் தனியப் போயிருக்கிறார். விடிய வர வேண்டிய வள்ளம் வரேல்லை எண்டதும் கரையிலை இருந்த வள்ளம் எல்லாம் தேடிப் போயிட்டுது. நான் பின்னேரம் அந்த வீட்டுக்குக் கோல் எடுத்தன். அவரின்ரை பெண்சாதிதான் கதைச்சா. குரல் அடைச்சுப் போயிருந்தது, ஆனால் அழேல்லை. "தேடிக்கொண்டு இருக்கினம் அக்கா. வருவார்" எண்டா. கடற்படையும் தேட வேணும் எண்டு ஐயாவின்ரை பேரிலை ஒரு அறிக்கை எழுதி விட்டன். ஐயா அப்ப கொழும்பிலை, பாராளுமன்றத்துக்குப் போயிருந்தார்.

அடுத்த நாள் விடிய நான் குசினியிலை நிக்க, ஃபோன் கிணுங்கத் தொடங்கினது நிக்கேல்லை. எடுத்துப் பார்த்தால் ஐயாவின்ரை முகநூல் பக்கத்திலை அனுதாபம். நான் எழுதேல்லை! அந்த மனிசனின்ரை படத்தைப் போட்டு, 'கடலன்னையின் மடியில் துயில்கொண்ட' எண்டு தொடங்கி, 'எல்லோருடனும் அன்பாகப் பழகியவர், அமைதியான சுபாவம் கொண்டவர்' எண்டு முடிஞ்சிருந்தது. அந்தக் கடைசி வசனம் என்ரைதான். ஓய்வு பெற்ற தபாலதிபர் ஒருத்தருக்கு எண்டு நான் எப்பவோ எழுதினது. பிறகு எத்தினையோ பேருக்குப் போயிருக்கு.

நடந்தது என்னெண்டால், கடலிலை வலைத்துண்டும் ஒரு பெற்றோல் கானும் மிதந்து வந்ததை ஆரோ கண்டிருக்கினம். அது கை மாறி வாய் மாறிப் பிரேதம் கண்டதா ஆகிப்போச்சு. மற்றக் கட்சி எம்.பி விடியவே அனுதாபம் போட்டிட்டார். எங்கடை ஐயா கொழும்பிலை நித்திரையாலை எழும்பி அதைப் பார்த்திட்டு, பிந்திப்போம் எண்ட பதட்டத்திலை, பழைய அனுதாபம் ஒண்டை எடுத்து பேரையும் ஊரையும் மாற்றி, தானே போட்டிட்டார். முகநூலிலை தானே போட அதுக்கு முந்தின மாசந்தான் பழகினவர். பழக்கினதும் நான்தான், என்ரை கஷ்டகாலம். கோல் எடுத்தால் ஃபோன் வேலை செய்யேல்லை. சபைக்குள்ளை போயிட்டார்.

ஐயோ எண்டு கத்திக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தன். சம்பலும் அப்பிடியே, பாணும் அப்பிடியே. வழி முழுக்க அவரைத் திட்டிக்கொண்டு போனன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு, உந்த மனிசனுக்குப் புத்தியே இல்லை எண்டு காத்துக்குச் சொல்லிக்கொண்டு போனன்.

குருநகருக்குள்ளை இறங்கேக்கையே கத்தோலிக்கக் கோயில் மணி கேட்டுது. சாவு மணி. ஒண்டு அடிச்சு, நிண்டு, பிறகு ஒண்டு அடிக்கிற மணி. சுவாமியார் எங்கையோ பூசைக்குப் போயிருக்கிறார். மணி அடிக்கிறவர் எம்.பியே சொல்லிப்போட்டாரெண்டு அடிச்சிட்டார். தெருவிலை கறுப்புக் கொடி கட்டிக்கொண்டு நிக்கினம். ஒரு லான்ட்மாஸ்டர் உழவுமெசின் பெட்டியிலை பிளாஸ்ரிக் கதிரையள் வந்து இறங்குது.

கரைக்குப் போனால் வள்ளம் எல்லாம் வரிசைக்கு ஏத்தி வைச்சிருக்கு. ஒண்டும் கடலிலை இல்லை.

அந்தக் கரையிலை ஒரு வழமை இருக்கு. தொழிலாளி ஒருத்தர் மோசம் போனால் அடக்கம் முடியும் வரைக்கும் ஆரும் வள்ளம் இறக்கக் கூடாது. பசி கிடந்தாலும் இறக்காயினம். செத்தவருக்குக் குடுக்கிற மரியாதை அது. விடியத் தேடப் போன வள்ளங்கள் ஃபோனிலை அனுதாபத்தைக் கண்டிட்டுப் பாதியிலை திரும்பி வந்திட்டுதுகள். அந்த மனிசனுக்கு மரியாதை குடுக்கிறதெண்டு, அந்த மனிசனைத் தேடுறதை விட்டிட்டு இருக்கினம். ஆரைப் பிழை சொல்லுறது?

கறுப்புக் கொடி கட்டின கயிறு ஒண்டை அறுத்துக் கையிலை சுத்திக்கொண்டு ஒரு பொம்பிளை நிண்டா. அவதான் அவரின்ரை மனிசி எண்டு எனக்கு ஆரும் சொல்ல வேண்டியிருக்கேல்லை. "இறக்குங்கோ! வள்ளத்தை இறக்குங்கோ! என்ரை வீடு செத்தவீடில்லை!" எண்டு ஆம்பிளையளைப் பார்த்துக் கத்துறா. ஆம்பிளையள் தலையைக் குனிஞ்சுகொண்டு நிக்கினம். பொம்பிளையள் அவவை அணைச்சுக் கூட்டிக்கொண்டு போகப் பாக்கினம். பாவம், விசர் பிடிச்சிட்டுது எண்டு நினைக்கினம் போலை.

ஆரோ என்னைக் காட்டி, "உவதான் எம்.பியின்ரை ஆள்" எண்டிச்சினம். அவ நேர வந்தா. அடிக்கப் போறா எண்டு நினைச்சன். அடிச்சாலும் வாங்கிறதெண்டுதான் நிண்டன். அவ அடிக்கேல்லை. என்ரை இரண்டு கையையும் பிடிச்சா. கை ஐஸ் மாதிரிக் குளிர்ந்து கிடந்தது.

"அக்கா, நேற்று நீங்கள்தானே கதைச்சனீங்கள்? உங்கடை ஐயா அவரின்ரை பிரேதத்தை எங்கை கண்டவர்? சொல்லுங்கோ. கண்டதெண்டால் சொல்லுங்கோ, நான் பேசாமல் போறன்."

காணேல்லை, ஒருத்தரும் காணேல்லை எண்டு சொன்னன். சனத்துக்கு நடுவிலை நிண்டு திரும்பவும் சத்தமாச் சொன்னன். சம்மாட்டியார் ஒருத்தர் முன்னுக்கு வந்தார். வயசாளி. அந்தக் கரையிலை அவர் சொன்னால்தான் வள்ளம் இறங்கும். "பிள்ளை, நீங்கள் விடிய ஒண்டு எழுதுறியள், இப்ப வந்து ஒண்டு சொல்லுறியள். மணியும் அடிச்சாச்சு. எம்.பி தன்ரை வாயாலை எங்களுக்குச் சொல்லட்டும். அது வரைக்கும் நான் வழமையை மீறேலாது" எண்டார். அவர் சொன்னதிலை பிழை இல்லை. காத்து வேறை கூடிக்கொண்டு வந்தது. மத்தியானத்துக்குப் பிறகு சின்ன வள்ளம் வெளியிலை போகேலாது எண்டு பக்கத்திலை நிண்ட ஒருத்தர் சொன்னார். சொல்லுறதெண்டால் இப்ப சொல்ல வேணும்.

ஐயாவுக்கு அடிச்சன், அடிச்சன், விடாமல் அடிச்சன். கடைசியா எடுத்தார். தேத்தண்ணி குடிக்க வெளியிலை வந்திருக்கிறார். நான் மூச்சு விடாமல் எல்லாத்தையும் சொன்னன்.

"பிள்ளை, இப்ப திருப்பி எடுத்தால் எவ்வளவு வெக்கக்கேடு" எண்டார். "மற்றவன் எடுக்கேல்லை, நான் மட்டும் எடுத்தால்? பின்னேரத்துக்குள்ளை உடம்பு கிடைச்சிடும். கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பம். வேணுமெண்டால் அந்தப் போஸ்ற்றைச் சத்தமில்லாமல் அழிச்சு விடும்."

எனக்கு எங்கையிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியாது. "ஐயா, இஞ்சை ஒரு மனிசி அறுத்த கயித்தோடை நிக்கிறா. உங்களுக்கு வெக்கமோ?" எண்டு கத்தினன். கரை முழுக்கத் திரும்பிப் பாத்துது. நான் இன்னும் என்னென்ன சொல்லியிருப்பனோ, அதுக்குள்ளை அவ என்ரை கையிலை இருந்த ஃபோனை வாங்கினா. மெதுவாத்தான் வாங்கினா. கதைச்சதும் மெதுவாத்தான்.

"ஐயா, அவர் செத்திருந்தால் நான் அழுவன் ஐயா. அழத் தெரியாத ஆள் இல்லை நான். ஆனால் தேடிப்போட்டு அழ விடுங்கோ. தேடாமல் என்னண்டு ஐயா அழுறது?"

நான் ஃபோனைத் திருப்பி வாங்கினன். ஐயா கதைச்சார். "பிள்ளை, ஸ்பீக்கரிலை போடும். எல்லாருக்கும் கேக்கப் பிடியும்." நான் என்ன சொல்ல வேணுமெண்டு சொல்லட்டோ ஐயா எண்டு கேட்டன். பழக்கதோஷம். "வேண்டாம்" எண்டார்.

கோயிலிலை பிரசங்கத்துக்கு வைச்சிருந்த ஒலிபெருக்கியை ஆரோ ஓடிப்போய்க் கொண்டு வந்தினம். அதுக்கு முன்னாலை ஃபோனைப் பிடிச்சன்.

"நான் எம்.பி கதைக்கிறன்" எண்டார். "விடிய நான் போட்டது பொய். நான் ஒருத்தரிட்டையும் கேக்கேல்லை. மற்றவர் போட்டதைப் பார்த்திட்டு, பிந்திப்போடுவன் எண்டு போட்டன். அவர் செத்தவரோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியாது. என்ரை பிழை. அந்தத் தங்கச்சி என்னை மன்னிக்க வேணும். நீங்களும் மன்னிக்க வேணும். அது செத்தவீடில்லை. கொடியைக் கழட்டுங்கோ. தயவு செய்து வள்ளத்தை இறக்குங்கோ." அதோடை வைச்சிட்டார்.

அவருக்கு எத்தினையோ பேச்சு எழுதிக் குடுத்திருக்கிறன். சனம் கை தட்டின பேச்சு, எழும்பி நிண்டு கை தட்டின பேச்சு. அண்டைக்கு ஒருத்தரும் கை தட்டேல்லை. சம்மாட்டியார் சாரத்தை மடிச்சுக் கட்டினார். "வாங்கோடா" எண்டார். அவ்வளவுதான். ஏலோ எண்டு தள்ளத் தொடங்கிச்சினம். கதிரை இறக்கிக்கொண்டு நிண்ட லான்ட்மாஸ்டர்காரனும் ஓடிவந்து தள்ளினான். நானும் சீலையை இடுப்பிலை செருகிக்கொண்டு ஒரு வள்ளத்திலை கையை வைச்சன். தோட்டக்காரியின்ரை தள்ளு வள்ளத்துக்கு என்ன காணும்? ஆனாலும் தள்ளினன். அவ தண்ணிக்குள்ளை முழங்கால் வரைக்கும் நிண்டு, போற ஒவ்வொரு வள்ளத்துக்கும் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு நிண்டா.

ஐயா மேலை எனக்கு இருந்த கோவம் எல்லாம் எங்கை போச்சுதெண்டு தெரியேல்லை. அவரை நினைக்க நெஞ்சு நிறைஞ்சுது. உடனை கோல் எடுத்துச் சொல்லுவம் எண்டால் எனக்கே அழுகை. பிறகு பாப்பம் எண்டு விட்டிட்டன்.

அடுத்த நாள் முகநூல் முழுக்க ஐயாதான். உயிரோடை இருக்கிறவையை அடக்கம் செய்யிற எம்.பி எண்டு கீலம் கீலமாக் கிழிச்சாங்கள். ஆரோ ஒருத்தன் அவரின்ரை குரலைப் பதிஞ்சு, அதுக்குப் பாட்டும் போட்டு விட்டிட்டான். நான் பதில் எழுதப் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்தன். கொழும்பாலை வந்து இறங்கின ஐயா, "விடும் பிள்ளை. சரியாத்தானே சொல்லுறாங்கள்" எண்டிட்டுக் கதிரையிலை சாய்ஞ்சிட்டார். எப்பவும் முதல் கேக்கிற 'சாப்பிட்டீரோ'வைக் கேக்க மறந்து போனார். அதை வைச்சுத்தான் எவ்வளவு உடைஞ்சிருக்கிறார் எண்டு எனக்கு விளங்கினது.

மத்தியானம் போலை ஃபோன் வந்தது. தீவுப் பக்கம், கண்டல் மரப் பற்றைக்குள்ளை, சம்மாட்டியாரின்ரை வள்ளந்தான் அவரைக் கண்டிருக்கு. உயிர் இல்லை.

ஐயா, "நேற்று விடிய வள்ளங்களைத் தேட விட்டிருந்தால்?" எண்டு மட்டும் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? நான் டொக்டரோ? அடக்கத்துக்குப் போனவர் முன்னுக்குப் போகேல்லை. சவக்காலை மதிலோரம், சனத்துக்குப் பின்னாலை, குடையும் பிடிக்காமல் வெய்யிலுக்கை நிண்டார். மைக்கைக் கொண்டு வந்து நீட்டினவைக்குக் கையை ஆட்டி வேண்டாம் எண்டார். எங்கடை கந்தோராலை அந்தச் சாவுக்கு ஒரு அனுதாபமும் போகேல்லை.

சில நாள் கழிச்சு, "வாரும் பிள்ளை, அந்த வீட்டை ஒருக்கால் போயிட்டு வருவம்" எண்டார். குரல் சின்னப் பிள்ளையின்ரை குரல் மாதிரி இருந்தது. போனம். பிள்ளையள் பள்ளிக்கூடம் போயிட்டினம், அவ தனிய இருந்தா. எங்களைக் கண்டதும் எழும்பிக் கதிரை போட்டா. ஐயா இருக்கேல்லை. வாசலிலை நிண்டு கையைப் பிசைஞ்சுகொண்டு, "தங்கச்சி..." எண்டு தொடங்கினார்.

அவதான் சொன்னா. "இருங்கோ ஐயா. டொக்டரிட்டை நான் கேட்டனான். முதல் நாளே உயிர் போயிட்டுதாம். நீங்கள் போட்டதுக்கு முதல் நாளே. உங்களாலை இல்லை ஐயா." பிறகு, "அண்டைக்கு வள்ளம் இறங்காட்டி அவர் அந்தப் பத்தைக்குள்ளையே கிடந்திருப்பார். எனக்கு மெழுகுதிரி கொழுத்த ஒரு குழியாவது இருக்கு" எண்டா. புருசனைக் கடலுக்குக் குடுத்திட்டு இருக்கிறவ, இந்த மனிசன் தன்னைத்தானே தின்னப் போறாரெண்டு நினைச்சு, டொக்டரிட்டைப் போய்க் கேட்டு வைச்சிருக்கிறா. ஐயா அப்பதான் கதிரையிலை இருந்தார். சால்வையாலை முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் கண்டது அந்த ஒரு முறைதான்.

அவர் ஆறும் வரைக்கும் அவ பாத்துக்கொண்டு இருந்தா. பிறகு, "ஐயா, ஒண்டு கேக்க வேணும் எண்டு நினைச்சனான். அவரை உங்களுக்கு எப்பிடித் தெரியும்? எல்லாரோடையும் அன்பாப் பழகினவர், அமைதியானவர் எண்டு எழுதியிருந்தியள். எங்கை கண்டனியள்?" எண்டா.

அந்த முகத்திலை அவ்வளவு ஆசை. ஏதோ ஒரு கூட்டத்திலை கண்டனான் எண்டு ஒரு சின்னப் பொய், ஒருத்தருக்கும் நட்டமில்லாத பொய், அந்த இடத்திலை நான் எண்டால் அதைத்தான் எழுதிக் குடுத்திருப்பன். சொல்லுங்கோ ஐயா, சொல்லுங்கோ எண்டு மனசுக்குள்ளை கெஞ்சினன்.

"நான் காணேல்லை தங்கச்சி" எண்டார் ஐயா. "எனக்கு அவரைத் தெரியாது. அது எல்லாருக்கும் போடுற வசனம்."

அவவின்ரை வாய் ஒரு பக்கம் கோணிச்சுது. சிரிப்பு! "நானும் நினைச்சனான் ஐயா. அமைதியோ? அவரோ? கடவுளே! அவர் வாயைத் திறந்தால் மண்டைதீவுக்குக் கேக்கும்."

ஐயா கதிரையை இழுத்து அவவுக்குக் கிட்டப் போட்டார். "சொல்லும் தங்கச்சி" எண்டார். "எப்பிடிப்பட்ட மனிசன்? நான் கேக்கிறன்."

அவ சொன்னா. கோவம் வந்தால் தெருவுக்கே கேக்கும், கோவம் போனால் அதே சத்தத்திலை சிரிப்பார் எண்டா. பூசையிலை பாட்டுப் படிச்சால் சுவாமியார் திரும்பிப் பாப்பாராம். மேடையிலை மைக்கைக் குடுத்தால் திருப்பித் தராத எங்கடை ஐயா, வெய்யில் சாயும் வரைக்கும் ஓம் ஓம் எண்டதைத் தவிர ஒண்டும் கதைக்கேல்லை.

"வள்ளம் கரைக்கு வர முன்னம் அவரின்ரை சத்தம் வந்திடும் ஐயா" எண்டா அவ. "அதைக் கேட்டிட்டுத்தான் நான் எழும்பித் தேத்தண்ணிக்குத் தண்ணி வைக்கிறனான். இண்டைக்கு விடிய ஒண்டும் கேக்கேல்லை. கேக்காதெண்டு தெரியும். ஆனால் தண்ணியை வைச்சிட்டன்."